அந்த வண்டிக்குள் நான் கேட்ட சத்தம்

அன்புள்ள தினகரா,

அம்மா நன்றாக இருக்கிறாள். நான் எப்படிப்பட்டவன் என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் நீயே முடிவு செய்துகொள். செவ்வாய்க்கிழமை நீ ஓசூரிலிருந்து போன் செய்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மில்லில் ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்க மறக்கிறேன். வீட்டுக்கு வந்தால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். இந்த முதல் பத்தியை எழுதுவதற்குள்ளேயே ஒரு தடவை எழுந்து கோட்டை மைதானம் வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டேன்.

"நைனா, ஒரு வண்டி பாத்துகீறேன். செகண்ட் ஹேண்டுதான். முன்ன எடுத்தோமே, அதே மாடல். இதுலயும் வெளி சைலன்சர்தான் போட்டுகீது. ரேவதிதான் கோவா வரைக்கும் வண்டியிலயே போலாம்னு ஒரே புடிவாதம். நீ அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வந்து ஒரு வாட்டி காது வெச்சி கேட்டு சொல்லு. நீ நல்லாகீதுன்னா எடுத்துடறேன்" என்றாய். உன் பெண்டாட்டி ஆசைப்படுகிறாளே என்று நானும் "சரி, வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நீ என்ன கேட்டிருக்கிறாய் என்பது எனக்கு உறைத்தது. நாலு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வண்டிக்கு நீ என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அன்றைக்கு நான் உனக்கு என்ன செய்தேன் என்பது தெரியாமல், மறுபடியும் என்னையே கூப்பிடுகிறாய். அதைச் சொல்லாமல் நான் அந்த வண்டிப் பக்கம் வரக்கூடாது.

உனக்கு அந்த வண்டியின் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பாலிடெக்னிக் முடித்து வேலூரில் செல்போன் டவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். தூரப் பயணத்துக்கென்றே செய்த வண்டி என்று பேப்பரில் வந்த படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாய். முன்னால் காற்றை வெட்டுகிற முகப்பு, நிமிர்ந்து உட்கார்ந்து முன்னூறு கிலோமீட்டர் போனாலும் இடுப்பு வலிக்காத சீட்டு என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். படத்துக்குப் பக்கத்தில் இந்தியா வரைபடம். அதில் ஆரணியிலிருந்து வடக்கே பேனாவால் ஒரு கோடு. அம்மா ஒருநாள் கேட்டாள், "எப்படா திரும்பி வருவ?" நீ தலை துவட்டிக்கொண்டே சொன்னாய், "போறேன்மா, அப்பால பாக்கலாம். புடிச்சிதுன்னா அங்கயே எங்கனா ஒரு வேல தேடிக்கறேன்." நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் சூரத்துக்குப் போனேன். உனக்கு அது மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். விசைத்தறி மெஷின் மாட்டுகிற வேலை, பத்து நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். போனது பதினோரு மாதம். அங்கே எனக்கு வேறு குடும்பமோ குடியோ எதுவும் இல்லை. ஊரைவிட்டு இருப்பது பிடித்திருந்தது, அவ்வளவுதான். யாரும் என்னைத் தெரியாத தெருவில் நடப்பது பிடித்திருந்தது. இன்றைக்குக் கிளம்பலாம், நாளைக்குக் கிளம்பலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அம்மா பகலெல்லாம் தறியில் உட்கார்ந்து உன்னை வளர்த்தாள். நான் திரும்பி வந்தபோது நீ தறிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "யாரோ வந்துகீறாங்கம்மா" என்றாய். ஓரிடத்தில் நிலைகொள்ளாத என் குணம் உன் ரத்தத்திலும் இருக்கிறது என்று அந்த வரைபடத்தைப் பார்த்தபோது தோன்றியது. நீ போனால் பதினோரு மாதத்தில் திரும்ப மாட்டாய் என்றும் தோன்றியது.

வந்தவாசியில் வண்டி இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். உரக்கடைக்காரர் மகனுடைய வண்டி. சிவப்பு நிறம், நன்றாகத் துடைத்து வைத்திருந்தான். நாம் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தது. கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதான் ஓட்டினியா?" என்று கேட்டேன். "இல்லீங்க, காலையிலேர்ந்து எடுக்கவே இல்ல" என்றான். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சூடான எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பல குறைகள் தெரியாது. அவன் பட்டனை அழுத்தினான். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கி மாட்டிய பெரிய குழாய். எதிர்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் உன் முகத்தில் பார்த்ததில்லை.

களம்பூரில் எந்த ரைஸ் மில்லில் மெஷின் நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள் என்று உனக்குத் தெரியும். நீளமான திருப்புளியின் நுனியை மெஷின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டால் உள்ளே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். அந்தத் திருப்புளியைத்தான் அன்றைக்கும் பையில் கொண்டுவந்திருந்தேன். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி, எஞ்சினின் அடிப்பக்கத்தில் வைத்துக் கேட்டேன். அந்தக் குழாயின் இரைச்சலுக்கு அடியில், டக், டக், டக் என்று ஒரு தட்டல். பிஸ்டனைத் தாங்குகிற தண்டின் கீழ் பேரிங் தேய்ந்துபோயிருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சாம்பல் பூத்தது போல் வெளுத்திருந்தது. சைலன்சரை மாற்றியவன் கார்புரேட்டரை அதற்குத் தகுந்தபடி சரிசெய்யவில்லை, எஞ்சின் ரொம்ப நாளாகக் கொதித்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி விரலில் தேய்த்தேன். கறுப்பு எண்ணெயில் மினுமினு என்று இரும்புத் தூள். இந்த மூன்றில் ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்வதற்கு.

நீ குனிந்து கேட்டாய், "இன்னா நைனா, எப்டிகீது?"

நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னேன், "நல்லாகீது. எடுத்துக்கோ."

இதுதான் தினகரா, நான் உனக்குச் செய்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ வேறு நல்ல வண்டியைத் தேடியிருப்பாய். அது உன்னைத் தூரமாகக் கொண்டு போயிருக்கும். இந்த வண்டி தூரம் போகாது. செய்யாறு தாண்டுவதற்குள் எங்காவது நின்றுவிடும், நீ தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவாய், பார்ட்ஸ் கிடைக்காமல் ஆறு மாதம் அலைந்து பேஜாராகி ஆசையே விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டேன். அந்த இரண்டு நிமிடத்தில், திருப்புளியைக் காதில் வைத்துக்கொண்டே இவ்வளவும் யோசித்தேன். பிறகு, நீ வடக்கே கிளம்புவதற்கு முன்னால் எப்படியும் நானே எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அன்றைக்கு உன் பின்னால் உட்கார்ந்து ஆரணிக்கு வந்தபோது எனக்கும் அந்த வண்டி பிடித்திருந்தது. வயலெல்லாம் பச்சையாக இருந்தது. நம் தெருத் திருப்பம் வந்தபோது, நிறுத்தாமல் இப்படியே போய்விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். நீ தெருவுக்குள் நுழைந்ததும் அந்த இரைச்சலில் இரண்டு பக்கமும் தறிகள் நின்றன. எல்லாரும் எட்டிப் பார்த்துத் திட்டினார்கள். நீ சிரித்தாய்.

அதற்குப் பிறகு நாள்தோறும் உன்னிடம், "அடிச்சி ஓட்டாதடா, ஐம்பதுக்கு மேல போவாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அம்மா, "நைனாவுக்கு உம்மேல எவ்ளோ அக்கற பாரு" என்றாள். அது அக்கறை இல்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாதவன் பாதியைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்த்தான். நான் நினைத்த மாதிரி அந்த வண்டி நின்றும் போகவில்லை. நீ அதை அவ்வளவு பதவிசாக ஓட்டினாய். இரண்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரிக்கலாம் என்று நினைப்பேன். பிரித்தால், முதல் நாளே எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரிந்துவிடுமே என்று விட்டுவிடுவேன்.

ஆடி வெள்ளி. படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கூட்டமாக இருக்கும், நானே கூட்டிப் போகிறேன் என்று நீ வண்டியை எடுத்திருக்கிறாய். நான் அப்போது களம்பூரில் மில்லுக்குள் இருந்தேன். அம்மா அந்த வண்டியில் ஏறுவாள் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. உன்னை மட்டும் வைத்துத்தான் என் கணக்கு. அந்தக் கணக்கு உன் விஷயத்தில் சரி என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு குருடனாக இருந்தேன் என்று சொல்கிறேன். மில் ஆபீசுக்குப் போன் வந்தது. சந்தவாசலுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது, இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள், ஆரணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார்கள்.

நான் வந்து சேரும்போது உனக்கு முழங்கை முழுக்கத் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. நீ அதைக் கவனிக்காமல் அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தாய். அம்மாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது, வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை பேர் நடுவில் நான் கத்தினேன். "அடிச்சி ஓட்டாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்! ஐம்பதுக்கு மேல போவாதன்னு சொன்னேனா இல்லியா? பெத்தவ கைய ஒடிச்சிட்டு வந்து நிக்கிறியே!" நீ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாய். "மெதுவாத்தான் வந்தேன் நைனா." நான் உன்னை அதற்கு மேல் பேச விடவில்லை. பிறகு எத்தனையோ முறை அம்மாவும் சொன்னாள், "அவன் மெதுவாத்தான் ஓட்டினான், எங்கூட பேசிகினேதான் வந்தான்" என்று. நான் கத்திய கத்தலில் நீயே உன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்து, அவள் உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாய். அப்படி நினைக்கவிட்டது நான்தான்.

மறுவாரம் வண்டியை லாரியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோய் நான் மட்டும் உட்கார்ந்து பிரித்தேன். எந்த பேரிங் என்று வந்தவாசியில் கேட்டேனோ அதே பேரிங். துண்டு துண்டாக உடைந்து தண்டைப் பூட்டியிருந்தது. நீ வேலூர் ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாய், "எஞ்சினுக்கு இன்னா ஆச்சு நைனா?" உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. "ஓவரா முறுக்கினா இப்டித்தான் ஆவும்" என்றேன். அந்த வாரமே வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். யாரும் பார்த்துவிடக்கூடாது என்றுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும். அம்மா தறியில் உட்காருவதை விட்டாள். இப்போது ராட்டையில் தறிக்கான நூல் தார் மட்டும் சுற்றுகிறாள், அதுவும் இடது கையால். நீ ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாய். வடக்கே போகிற பேச்சே இல்லை. ஊருக்கு வந்தால் பாத்திரம் கழுவுவாய், தண்ணீர் தூக்கிவைப்பாய், அம்மா அந்தக் கையால் எதையாவது எடுக்கப்போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விடுவாய். நாலு வருடமாக நீ ஒரு சைக்கிளைக்கூடத் தொடவில்லை என்று போன பொங்கலுக்கு ரேவதிதான் சொன்னாள். "யார் வண்டியிலயும் பின்னாடி உக்கார உடமாட்றாரு மாமா, கம்பெனி பஸ்லதான் போவணும்ன்றாரு. நாந்தான் மாத்தப்போறேன், பாருங்க" என்றாள். அந்தப் பெண் உன் பயத்தோடு மல்லுக்கட்டுகிறாள். பயத்தை உனக்குள் வைத்த நான் அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மத்தியானம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராட்டை நின்றது. "இன்னா சொல்றீங்க?" என்றாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் கையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "நாலு வருசம் அந்தப் புள்ள என் கையப் பாக்க முடியாம எழுந்து எழுந்து போனான். நீ பாத்துகினு இருந்தியா?" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை நீ என்று பேசியது இதுதான் முதல் தடவை. சூரத்திலிருந்து திரும்பி வந்தபோதுகூட அப்படிப் பேசியதில்லை. அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்து, "போன்ல சொல்லாதீங்க. போன்ல சொன்னா அவன் பரவால்ல நைனான்னு சொல்லிட்டு வெச்சிடுவான். எழுதுங்க. எதையும் உடாம எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். எதையும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை விஷயம். நான் வரவேண்டாம் என்று நீ நினைத்தால் ரேவதியை ஒரு வார்த்தை போனில் சொல்லச் சொல், வரமாட்டேன். நான் இல்லாமலே உன்னால் பார்க்க முடியும். எத்தனை மணிக்கு வருவாய் என்று வண்டிக்காரனிடம் முன்கூட்டியே சொல்லாமல் போ. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பார், சில்லென்று இருக்க வேண்டும். சைலன்சரை மாற்றியவன் பழைய கம்பெனி சைலன்சரை வீட்டில் எங்காவது போட்டு வைத்திருப்பான், அதை மாட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல். முடியாது என்றால் திரும்பி வந்துவிடு. பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் வேண்டாம். எண்ணெயை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டு, மினுங்கக்கூடாது. அந்தக் குழாய்தான் உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் வாங்கிய பிறகு மாட்டிக்கொள், கார்புரேட்டரை அதற்குத் தகுந்தபடி சரிசெய்துவிட்டு மாட்டு. வண்டி நன்றாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக் சொன்னாலும், உன்னைப் பெற்றவனே சொன்னாலும், உன் காதால் கேட்காமல் வாங்காதே. ஆனால் வாங்கு. பயந்துகொண்டு விட்டுவிடாதே. ரேவதியோடு கோவாவுக்குப் போ, அதற்கு மேலேயும் போ. எப்போது திரும்பி வருவாய் என்று இந்தத் தடவை இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது. நீ போன் செய்த மறுநாள் நான் மில்லுக்குப் போகவில்லை. பஸ் ஏறிச் சந்தவாசல் போனேன். நீங்கள் விழுந்த இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. அன்றைக்கு அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர்தான். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட நான் அவரைப் போய்ப் பார்த்ததில்லை, என்ன சொல்வாரோ என்ற பயம். யார் என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அந்தத் தம்பியா? நல்லாகீறாரா?" என்று உன்னைத்தான் முதலில் கேட்டார். பிறகு ரோட்டைக் கையால் காட்டிச் சொன்னார். "மெதுவாத்தாங்க வந்தாரு. சடார்னு சக்கரம் நின்னு வண்டி இஸ்துகினு போச்சு. எதிர்ல தவுட்டு மூட்ட லாரி. வேற எவனாயிருந்தாலும் பயந்துகினு முன் பிரேக்க அமுக்கி நேரா லாரிக்கு அடியில போயிருப்பான். அவரு கிளச்ச புடிச்சி, காலை ஊனி, வண்டிய இந்தப் பக்கம் மண்ணுல சாச்சாரு பாருங்க. அந்தம்மா பொழச்சதே அதனாலதான்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அந்த மண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் செருப்போடு நின்றவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நீ நன்றாகத்தான் ஓட்டினாய், தினகரா.

நைனா